கடமை என்ற சொல்லின் கதை



உங்களில் பலர் இன்று காவல்துறை, வருவாய்த்துறை, பள்ளிக்கூடம், போக்குவரத்துக் கழகம் என்று அரசுப் பணியில் இருக்கிறீர்கள். போனில் பேசினால், "டூட்டியில இருக்கேன் சார்" என்பீர்கள். அந்த டூட்டியைத் தமிழில் 'கடமை' என்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

கடமை, கடன், கடப்பாடு மூன்றும் ஒரே குடும்பம். திருப்பித் தர வேண்டியதும் கடன், செய்தே தீர வேண்டியதும் கடன். காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்று சொல்கிறோமே, இவற்றில் வட்டிக்கடை எங்கே வருகிறது? புறநானூற்றில் பொன்முடியார் என்ற பெண்பாற் புலவர், தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும்போது 'கடன்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்றால் நிலவரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்கள் அளக்க வேண்டிய நெல்லைக் 'காணிக்கடன்' என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதாவது, அன்று கடமை என்பது குடியானவன் அரசுக்குச் செலுத்த வேண்டியது.

பின்னாளில் வரிக்குத் தீர்வை, கிஸ்தி என்ற சொற்கள் வழக்கில் நின்றன. கிஸ்தி அரபியிலிருந்து வந்தது. தவணை என்று பொருள். நம் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பாஞ்சாலங்குறிச்சியும், 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறும் நினைவுக்கு வரும். கடமைக்கோ வரி என்ற பொருள் மறைந்து, செய்ய வேண்டிய பணி என்ற பொருளே நிலைத்தது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'டியூட்டி' என்ற சொல் 'டியூ', அதாவது செலுத்த வேண்டிய பாக்கி என்பதிலிருந்து பிறந்தது. அதனால்தான் சுங்கவரி 'கஸ்டம்ஸ் டியூட்டி', பத்திரப்பதிவுக்குக் கட்டுவது 'ஸ்டாம்ப் டியூட்டி', ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்ப்பதும் டியூட்டி. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. மனிதர் மனம் ஒரே மாதிரி கணக்குப் போட்டிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, பாக்கி யாருடையது என்பதுதான். மன்னராட்சியில் பாக்கிக்காரர் குடிமக்கள். மக்களாட்சியில் குடிமகனுக்கும் கடமை உண்டு. 1976இல் 42ஆவது திருத்தம் அடிப்படைக் கடமைகளை அரசியலமைப்பில் சேர்த்தது. ஆனால் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தவரை கடமையின் திசை மாறிவிட்டது. மானாவாரியில் உளுந்து போட்டு, மழைக்கு வானம் பார்க்கும் சம்சாரி ஒரு சான்றிதழுக்காக வாசலில் நின்றால், அவர் சலுகை கேட்டு வரவில்லை. தன் பாக்கியை வாங்க வந்திருக்கிறார்.

"கடனேன்னு செய்யாதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாவெறுப்பாகச் செய்யாதே என்று அர்த்தம். நான் அதில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்கிறேன், பிள்ளைகளே: கடன் என்று உணர்ந்து செய்யுங்கள். வாங்கிய கடனை முகம் சுளிக்காமல், நாள் தள்ளாமல், கையில் ஒன்றும் எதிர்பாராமல் கொடுப்பவரைத்தான் ஊர் யோக்கியன் என்று சொல்லும்.