பதினான்கு காரட்

சிலப்பதிகாரத்தில் கோவலன் மேல் திருட்டுப் பழி போட்டவன் ஒரு பொற்கொல்லன். இது எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கொற்கையில் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்றும் அதே காப்பியம் சொல்கிறது. இதுதான் பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

1963 ஜனவரி 9-ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆயிரம் பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். சீனப் போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு, தங்கக் கடத்தல் வேறு. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்: இனி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது.

மக்கள் கழுத்தில் இருந்த பழைய நகையை யாரும் தொடவில்லை. ஆசை வாங்குகிறவருக்கு, தண்டனை செய்கிறவருக்கு.

22 காரட்டில் பொன் 91.6 சதவீதம், 14 காரட்டில் 58.3. "கொஞ்சம் தாமிரம் கூடக் கலக்கணும், அவ்வளவுதானே?" என்று தோன்றும். ஆனால் பட்டறையில் அது வேறு உலோகம். தாமிரம் கூடினால் கம்பி சீக்கிரம் விறைத்துவிடும். கம்பியச்சில் இழுக்க இழுக்க அறுந்துபோகும், அடிக்கடி காய்ச்சி இளக்க வேண்டும். பற்றவைக்கிற பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும். அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பொடிக் கணக்கு 22 காரட்டுக்கானது. அதை இதில் வைத்து ஊதினால் நகையே உருகிவிடலாம். ஊதுகுழலில் எவ்வளவு மூச்சு, நெருப்பு எந்த நிறத்துக்கு வந்ததும் நிறுத்தணும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ராவிக்கொண்டே பையன் கண்ணால் படித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த படிப்பு ஒரே நாளில் செல்லாமல் போனது.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தாலும் வாங்க ஆள் வேண்டுமே! 14 காரட் தாலியை எந்த அம்மா மகளுக்குக் கட்டவிடுவாள்? குமுட்டிகள் அணைந்தன. நாடெங்கும் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. காமராஜர் திட்டத்தில் மொரார்ஜி பதவி விலகி டி.டி. கிருஷ்ணமாச்சாரி வந்தபின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. 14 காரட் விதி 1966-இல் போனது. ஆனால் 1968-இல் தனிச் சட்டமே வந்தது: சான்றிதழ், உரிமம், கணக்கு நோட்டு. திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இன்ஸ்பெக்டர் பயம்.

அந்தச் சட்டம் 1990-இல்தான் ரத்தானது. 1963-இல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ராவப் பழகியிருக்க வேண்டிய பத்து வயதுப் பையனுக்கு அப்போது 37 வயது. அதற்குள் அவன் வேறு எங்கோ வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

இன்றைக்கு நகைக்கடை விலைக்கணக்கில் 'சேதாரம்' என்று ஒன்று வருகிறதே, ராவும்போது உதிர்கிற பொன் துகளுக்குப் பட்டறை வைத்த பெயர் அது. சாயங்காலம் அந்தத் துகளையும் கூட்டி அள்ளி, கழுவி, மறுபடி உருக்கிவிடுவார்கள்.