உம்மம்மா வாசித்த எழுத்து

என் தம்பிக்கு ஆறு வயது. இங்கிலாந்தில் அவன் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஃபோனிக்ஸ் சோதனை நடக்கும். 2012இலிருந்து இது கட்டாயம். எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அதன் ஓசையைச் சொல்ல வேண்டும். பிறகு ஓசைகளைக் கூட்டிச் சொல்லை வாசிக்க வேண்டும்.

உம்மா அவனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கிறார். அதற்கென்று அட்டைகளும் செய்து வைத்திருக்கிறார். 'எம்' அட்டையில் மஸ்ஜித், 'டி' அட்டையில் பேரீச்சம்பழம், 'எல்' அட்டையில் லாந்தர் விளக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப எல்லாத்துக்கும் ஒரு இஸ்லாமிய பதிப்பு வந்திட்டுது" என்றேன்.

உம்மா நிமிர்ந்து பார்த்தார். "இது புதிசெண்டா நெனைக்கிறாய்? உன்ட உம்மம்மா எப்பிடி வாசிக்கப் பழகினா?"

என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்கிறேன்.

உம்மம்மா பேருவளையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருமுறை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அவர் கைநாட்டு வைத்தார். எழுத்தறிவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொண்டார்கள். ஆனால் வியாழன் இரவுகளில் அவர் பாயில் உட்கார்ந்து ஒரு பழைய புத்தகத்தை விரிப்பாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்வார்களாம். புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். எழுத்து முழுவதும் அரபு. அவர் வாயிலிருந்து வந்ததோ தமிழ்.

அந்த எழுத்துமுறையின் பெயர் அர்வி. அரபுத்தமிழ் என்றும் சொல்வார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் நூற்றாண்டுகளாக இதில் எழுதினார்கள்.

இது ஏன் தேவைப்பட்டது? ஓர் உதாரணம் சொல்கிறேன். அரபியில் 'இதயம்' என்பதற்கு ஒரு சொல், 'நாய்' என்பதற்கு இன்னொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்'தான். முதல் சொல்லின் தொடக்க எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வருவது, இரண்டாவதில் வருவது நமது சாதாரண 'க'. அந்த இரண்டு அரபு எழுத்துகளின் பெயர்களைக்கூடத் தமிழில் 'காஃப்' என்றுதான் எழுத முடியும். தொழுகையில் ஓதும் சொற்களில் இந்த வித்தியாசம் முக்கியம். அதனால் மார்க்கச் சொற்களை அரபு எழுத்திலேயே வைத்துக் கொண்டார்கள்.

மறுபக்கத்திலும் சிக்கல் இருந்தது. அரபியில் 28 எழுத்துகள் இருந்தும் 'ப' இல்லை (பாலுக்கு வரும் 'ப' என்று வைத்துக் கொள்ளுங்கள்). ள, ழ, ண, ஞ இல்லை. குறில் ஓசை மூன்றுதான்: அ, இ, உ. தமிழுக்கு எ, ஒ இரண்டும் வேண்டுமே! எனவே இருக்கிற அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகள் செய்தார்கள். தங்கள் பேச்சில் என்னென்ன ஓசைகள் இருக்கின்றன என்று காது கொடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார்கள். ஃபோனிக்ஸ் என்று நாம் சொல்வதற்கும் அடிப்படை இதுதான்.

பிள்ளைகள் கற்ற முறையும் அப்படித்தான். லெப்பையின் ஓதப் பள்ளியிலோ, வீட்டில் ஓதிக் கொடுக்கும் பெண்ணிடமோ முதலில் எழுத்து, பிறகு கூட்டல்: "அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ." குர்ஆன் ஓதுவதற்காகத்தான் இந்தப் படிப்பு. ஆனால் அந்த எழுத்துகள் தெரிந்த பிள்ளை, இன்னும் சில எழுத்துகளைப் பழகிக் கொண்டால், தான் பேசும் தமிழையும் வாசித்துவிடும். வெளியே போய்ப் படிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்கு இது பெரிய கதவு.

அவர்களுக்கு வாசிக்க நூல்களும் இருந்தன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களை விளக்கி 'பத்ஹுத் தய்யான்' என்ற நூலை அர்வியில் எழுதினார். இலங்கைக்கும் பலமுறை வந்து போனவர் அவர். இப்படிப்பட்ட நூல்களும் மாலைகளும் கல்லச்சில் பதிப்பாகி வீடுகளுக்கு வந்தன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் நவீனப் பள்ளிகள் பலவற்றை மிஷனரிகள் நடத்தினார்கள். பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்களோ என்று பயந்த முஸ்லிம் பெற்றோர் பலர் அவர்களை அனுப்பவில்லை. மார்க்கம் தப்பியது, உலகக் கல்வி தவறிப் போனது. இதைப் பார்த்து வருந்தியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை (1838–1898). 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தோடு மற்றக் கல்வியும் வேண்டும் என்று எழுதினார். 1892இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குப் பின்னால் அவர் உழைப்பும் இருக்கிறது. பெண் கல்விக்காகவும் அவர் பாடுபட்டார்.

அவர் சொன்னது சரி என்பதற்கு என் உம்மம்மாவின் கைநாட்டே சாட்சி. அவர் அறிந்த எழுத்து அந்த அலுவலகத்தில் செல்லவில்லை. அதே சமயம் 'எழுத்தறிவு இல்லை' என்று எழுதியவர்கள் எழுதியது பொய். அவர்கள் அவரிடம் கேட்கவே இல்லை.

பள்ளிக்கூடங்களும் தமிழ் அச்சும் பரவப் பரவ, 20ஆம் நூற்றாண்டில் அர்வி தேய்ந்தது. உம்மாவுக்கே அது சரளமாக வராது.

உம்மம்மாவின் புத்தகம் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சென்ற வாரம் அதை எடுத்துத் தம்பி முன் வைத்தேன். மாலையில் காயிதா ஓதுகிறவன் என்பதால் அரபு எழுத்துகள் அவனுக்குத் தெரியும். விரல் வைத்து ஒவ்வோர் ஓசையாகக் கூட்டினான். ஓர் இடத்தில் நின்றான்.

"இது என்ன எழுத்து? என்ட காயிதாவில இல்லையே."

"அது 'ப'. நம்மட ஆக்கள் செஞ்சது" என்று உம்மா சொன்னார்.

திரும்பவும் கூட்டினான். "ப... பா... பால்." பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "உம்மா, இது தமிழ்!"

உங்கள் வீட்டிலும் வலப்பக்கம் திறக்கும் பழைய புத்தகம் ஏதாவது இருக்கலாம். அரபு என்று நினைத்து மூடி வைத்துவிடாதீர்கள். ஒருமுறை சத்தமாகக் கூட்டிப் பாருங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.