சீடி பிளேயர் லேசரும் அணுவுக்குப் போட்ட பிரேக்கும்

780 நனோமீற்றர். சீடி பிளேயருக்குள் இருந்து தட்டை வாசிக்கும் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ இதுதான். ருபீடியம் என்ற உலோகத்தின் அணு விரும்பி உள்வாங்கும் ஒளியும் இதே அலைநீளம். தற்செயலாக அமைந்த இந்தப் பொருத்தம்தான், அணுக்களைக் குளிர்விக்கும் வேலையைப் பணக்கார ஆய்வுகூடங்களுக்கு வெளியேயும் கொண்டுவந்தது.

ஒளி சூடாக்கும் என்றுதானே படித்தோம், குளிர்விப்பது எப்படி? ஊடகக் கற்கை படித்த எனக்கு இது விளங்கக் கொஞ்சம் நாள் எடுத்தது. வெப்பம் என்பது அணுக்களின் ஓட்டம். சாதாரண வெப்பநிலையில் ருபீடியம் அணு செக்கனுக்கு ஏறத்தாழ 300 மீற்றர் ஓடும். எதிரே வரும் ஓர் ஒளித்துகள் மோதினால் அந்த வேகத்தில் வெறும் 6 மில்லிமீற்றர் குறையும். நிறுத்துவதற்கு 50,000 மோதல் வேண்டும். ஆனால் அணு செக்கனுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களை வாங்கி உமிழக்கூடியது. ஆகவே சில மில்லிசெக்கனில் காரியம் முடிந்துவிடும்.

இதற்கு லேசரின் மீடிறனை அணு விரும்பும் அளவுக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். எங்களை நோக்கி வரும் அம்புலன்ஸின் சைரன் சுருதி கூடிக் கேட்பதுபோல, ஒளியை எதிர்த்து ஓடும் அணுவுக்கு அந்த மீடிறன் கூடித் தெரியும். அதனால் அந்த அணுவே அதிகம் அடிவாங்கும். விலகி ஓடுவது பெரும்பாலும் தப்பிவிடும். ஆறு பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சினால் எந்தத் திசையில் ஓடினாலும் தடைதான்.

இங்கேதான் சிக்கல். இந்த ஒளியின் மீடிறன் 38 கோடி மெகாஹேர்ட்ஸ். அதில் அணு அனுமதிக்கும் இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. 1985இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் சூ குழுவினர் சோடியம் அணுக்களைக் குளிர்வித்தது, சாயத் திரவத்தில் இயங்கும் பெரிய, விலைகூடிய லேசரால். குறைகடத்திச் சில்லு மலிவு, ஆனால் அதன் ஒளி பல மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பரவித் தளம்பும். அதன் முன்னே நுண்கோடுகள் கீறிய தட்டொன்றைச் சாய்த்து வைத்து, வேண்டிய நிறத்தை மட்டும் சில்லுக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். அகலம் ஒரு மெகாஹேர்ட்ஸுக்கும் கீழே இறங்கியது. பிறகு ருபீடியம் ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பியொன்றை ஒப்பளவாக வைத்து லேசரை அந்த இடத்திலேயே பிடித்து வைத்தார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் ஆகக் கெட்டித்தனமான வேலை இதுதான்.

கொலராடோவில் இந்த மலிவு வழியை வளர்த்தவர்களில் ஒருவர் கார்ல் வீமன். 1995இல் அவரும் எரிக் கோர்னலும் ருபீடியத்தை லேசரால் பிடித்து, பின்பு சூடான அணுக்களை வெளியேறவிட்டு, தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினின் கோடியில் இரண்டு பங்களவுக்குக் கொண்டுபோனார்கள். 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இப்போது இந்த நுட்பம் ஆய்வுகூடத்துக்கு வெளியே வந்துவிட்டது. குளிர்ந்த ருபீடியம் அணுக்கள் விழும் விதத்தை அளந்து, நிலத்தடியில் இருந்த 2 மீற்றர் அகலச் சுரங்கமொன்றைக் கண்டறிந்ததாக பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2022இல் அறிவித்தனர். வெறுமையான இடத்துக்கு மேலே ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறையும், கருவி அதைப் பிடிக்கிறது. ஆய்வுக்குப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சும் பணம் கொடுத்தது. பங்கருக்குள் இருந்து உயிர் தப்பிய எங்களால் அந்த வரியைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. கைவிடப்பட்ட சுரங்கங்களையும் புதைந்த குழாய்களையும் தோண்டாமலே தேடுவதுதான் ஆய்வாளர்கள் முன்வைக்கும் பயன்.