கரிசல் காட்டில் பாலும் வயிறும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய கடைவீதியில் பால் சுண்டும் மணம் எப்போதும் இருக்கும். இந்த ஊர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே சிவகாசி, சாத்தூர், விருதுநகர் என்று போகப் போக நிலம் மாறிவிடும். மழையை நம்பிய கரிசல் மண்; பருத்தி, கம்பு, சோளம். வெள்ளாமை கைகொடுக்காத இந்த வறட்சியில்தான் 1920-களில் தீப்பெட்டியும், அதன் பின்னே பட்டாசும் சிவகாசியில் வேரூன்றின.

கரிசல் காட்டுச் சம்சாரி வீட்டில் கறந்த பால் பெரும்பாலும் உறைக்குத்தான் போகும். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து நெய் உருக்குவார்கள். மிஞ்சும் மோர் கம்மங்கூழைக் கரைக்க உதவும். வயிற்றுக்கும் இது நல்ல ஏற்பாடாக அமைந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் நொதி உடைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் இந்தச் சுரப்பு குறைந்துவிடுகிறது. தயிர் உறையும்போது நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைக் குடலுக்குள் செரிக்கவும் துணை நிற்கின்றன. நெய்யிலோ லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம்.

விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ நிறுவனம் அதற்குப் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் கொடுத்தது. வீட்டில் மோர் மட்டுமே கண்ட பிள்ளைகள் பலர் பள்ளியில்தான் தம்ளர் பால் குடித்தார்கள். பசித்த வயிற்றுக்கு அது பெரிய கொடை.

சில ஆண்டுகளில் ஒரு கேள்வி எழுந்தது. பால் செரிக்காத பெரியவர்கள் ஏராளம் என்பதை 1965-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் காட்டினார்கள். அப்படியானால் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கொடுப்பது சரிதானா? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தியர்களிடம் லாக்டேஸ் குறைவு பற்றிய ஆய்வை 1972-இல் வெளியிட்டார்கள். பின்னர் நடந்த மரபணு, மூச்சுப் பரிசோதனைகள், வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இந்தக் குறைவு அதிகம் என்று காட்டின. ஆனால் குறைவு இருப்பதாலேயே எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. ஒரே வேளையில் சுமார் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பாலில் உள்ள அளவை, பெரும்பாலோரின் வயிறு தாங்கிக்கொள்கிறது. மதிய உணவுப் பாலை நிறுத்த வேண்டிய தேவை இல்லை என்பதே இதன் பொருள்.

டீக்கடையில் குடிக்கும் டீயில் பால் கொஞ்சம்தான். அது பலரை ஒன்றும் செய்வதில்லை. பால்கோவா அப்படியல்ல. சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர்தான் போகிறது. லாக்டோஸ் அப்படியே தங்கிச் செறிவாகிறது. கால் கிலோவை ஒரே மூச்சில் சாப்பிட்டு வயிறு உப்பினால், வாயு சேர்ந்து வலித்தால், ஓரிரு மணி நேரத்தில் பேதியானால், இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உறுதி செய்ய ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது.

ஒவ்வாமை இதிலிருந்து வேறு. அது பால் புரதத்துக்கு எதிராக உடல் கிளப்பும் போர். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

விருதுநகர் எண்ணெய் பரோட்டா தின்று வயிறு மந்தமானால் கோதுமைமேல் பழிபோடுவோரும் உண்டு. கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோயைப் பற்றி 2016-இல் வெளியான இந்திய ஆய்வில், வடக்கோடு ஒப்பிட்டால் தெற்கே அது மிக அரிது என்று தெரியவந்தது. வேலூர் மாவட்ட மக்களையும் சோதித்துச் சொன்ன முடிவு அது. பரோட்டாவின் எண்ணெயையும் அளவையும் முதலில் குறைத்துப் பார்ப்பதே முறை.

வயிறு ஒருமுறை முறுக்கியதற்காகப் பாலை அடியோடு விலக்கிச் சுண்ணாம்புச் சத்தை இழந்துவிடாதீர்கள். தயிருக்கும் மோருக்கும் மாறுங்கள், பாலைச் சாப்பாட்டோடு சிறிது சிறிதாகக் குடியுங்கள், கேழ்வரகைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் எந்தச் சந்தேகத்தின் பேரிலும் நீங்களாகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.