அண்ணத்தை அகலமாக்கிய திருகாணி

வாயின் மேற்கூரையாக அமைந்திருப்பது அண்ணம். நாவினால் தடவுங்கால் அது ஒரே எலும்புபோலத் தோன்றும். உண்மையில் அதன் இடப்புறமும் வலப்புறமும் நடுவே ஓடும் ஒரு பொருத்தினால் இணைக்கப்பட்டுள்ளன. இளமையில் அப்பொருத்து முற்றாக இறுகுவதில்லை. வளர்ச்சி நிறைவெய்தும் பருவத்திலேயே படிப்படியாக இறுகுகின்றது. இவ்வியற்கை விதியைப் பயன்கொள்ள மருத்துவ உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தயங்கிய வரலாறு நேயர்கள் அறியத்தக்கதாகும்.

1860ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல் வைத்தியர் எமர்சன் ஏஞ்செல் என்பார், 14 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்த சிகிச்சையை எழுதி வெளியிட்டார். மேற்றாடை குறுகியிருந்தமையால் அவளது பற்களுக்கு இடம் போதவில்லை. ஏஞ்செல், அண்ணத்தின் குறுக்கே பற்களிடையே ஒரு திருகாணியைப் பொருத்தி, அதனைச் சிறிது சிறிதாக முறுக்குமாறு சிறுமிக்கே கற்பித்தார். இரண்டு வாரங்களில் தாடை அகன்றது. முன்பற்கள் இரண்டிற்கும் நடுவே இடைவெளி தோன்றிற்று. பொருத்து விலகியதற்கு அதுவே சான்று என்றார் அவர்.

அக்காலத்து வைத்தியர் பலர் அதனை நம்ப மறுத்தனர். எலும்பின் உள்ளே நிகழ்வதைக் காட்டும் எக்ஸ்கதிர் 1895இலேயே கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் இம்முறை நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே கிடந்தது. 1961இல் அமெரிக்கரான அன்ட்ரூ ஹாஸ், பன்றிகளிற் சோதித்து, பின் நோயாளரிடத்தும் கண்ட பயனை வெளியிட்ட பின்னரே இம்முறை மீண்டும் தழைத்தது. இன்றைய கருவியிலும் திருகாணியே உயிர்நாடி. ஒரு முறை முறுக்கினால், பொதுவாக, கால் மில்லிமீற்றர் அகலும். விலகிய இடத்தில் புதிய எலும்பு நிரம்பும் வரை கருவி சில மாதங்கள் வாயிலேயே இருத்தல் வேண்டும்.

இம்முறை உலகில் மீண்டும் உயிர்பெற்ற காலத்தை ஒட்டியே இலங்கையிலும் சிறுவரின் பற்களைப் பேணும் பணி வேரூன்றியது. பாடசாலைப் பல் தாதியர் சேவையை 1921இல் தொடங்கிய நியூசிலாந்து, கொழும்புத் திட்டத்தின் வழியே உதவிற்று. மகரகமையில் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அங்குப் பயின்றோர் திருகாணி பொருத்துபவர் அல்லர். எனினும் நோ வருமுன்னரே பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பவர் அவர்களே. குறையை அவர்கள் கண்டு கூறினாலன்றோ பிள்ளை நிபுணரிடம் செல்லும்!

வன்னிப் பெருநிலத்திற் பல் வைத்தியரை நாடுவது பெரும்பாலும் பல் நொந்த பின்னரே. குறுகிய அண்ணமோ நோவதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாடசாலைகள் முழுமையாகவே இடம்பெயர்ந்தன. உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த அந்நாளில், பல்வரிசையை நோக்க எவர்க்கு நேரமிருந்தது? அன்று பத்து வயதாயிருந்தோர் இன்று இருபத்தைந்தைக் கடந்துவிட்டனர். அவர்களுள் அண்ணம் குறுகியோர்க்குத் திருகாணி மட்டும் போதாது, சத்திரசிகிச்சையும் வேண்டியிருக்கலாம். ஏஞ்செலின் கூற்று நூறாண்டு காத்திருந்தது. பிள்ளையின் எலும்பு அவ்வாறு காத்திராது.

ஆகவே, ஏழு வயதளவிலேயே பல்வரிசையைச் சோதிப்பித்தல் நன்று. பிள்ளை வாயை மூடுங்கால் மேற்கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக விழுகின்றனவா, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்குகின்றனவா என்று நோக்குதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ, விளக்கொளியில் ஒரு தாயும், வகுப்பறையில் ஓர் ஆசிரியரும் அதனைக் காணலாம். கண்டதை உரிய பருவத்திற் பல் வைத்தியரிடம் கூறுதலே அவர்கள் பிள்ளைக்குச் செய்யும் பேருதவியாகும்.