வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட படகுப் பயணம்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் சில படங்கள் அனுப்பியிருந்தான். இப்போது அமெரிக்காவில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். ஊரிலிருந்து வந்திருந்த தன் அண்ணனை அழைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கயாக் படகில் ஏறி, மெதுவாக ஓடும் ஓர் ஆற்றில் பகல் முழுக்கத் துடுப்புப் போட்டு, இரவு கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் திரும்பியிருக்கிறார்கள். "சார், எங்கே போனாலும் அந்த இடத்து வரலாற்றை விசாரின்னு சொல்லுவீங்களே, இந்தப் பக்கத்து ஆறுகளுக்கு என்ன வரலாறு?" என்று கேட்டிருந்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

ஹென்றி டேவிட் தோரோ என்ற பெயர் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். காந்தியடிகள் பாடம் நடத்தும்போது, "அநீதியான அரசுக்கு ஒத்துழைக்க மறுக்கலாம் என்று எழுதியவர், வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தவர், காந்தி தென்னாப்பிரிக்காவில் இவரைப் படித்தார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள அது போதாது என்பது ஓய்வுபெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

தோரோ பிறந்தது 1817-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சிற்றூரில். அவருக்கு ஜான் என்று ஓர் அண்ணன். கலகலப்பானவர், ஊரில் எல்லோருக்கும் பிடித்தவர். தம்பி பேச்சுக் குறைவு, கொஞ்சம் முரடு.

தம்பி 1837-ல் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். இரண்டே வாரம்தான். பிள்ளைகளை ஏன் அடிப்பதில்லை என்று பள்ளிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கேட்க, கோபத்தில் சில பிள்ளைகளை அடித்துவிட்டு அன்றே வேலையை விட்டார். அடுத்த ஆண்டு சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பிறகு அண்ணனும் வந்து சேர்ந்தார். அங்கே பிரம்பு கிடையாது. பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார்கள். (என்னிடம் பிரம்படி வாங்கியவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.)

1839 வசந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு வாரம் உழைத்து ஒரு படகு கட்டினார்கள். பதினைந்தடி நீளம், அகலமான இடத்தில் மூன்றரை அடி. கயாக் மாதிரி அல்ல, மீன்பிடிப் படகு போன்றது. அடிப்பக்கம் பச்சை, விளிம்பில் நீலம். இரண்டு ஜோடித் துடுப்பு, ஆழமில்லாத இடத்தில் ஊன்றித் தள்ளக் கழிகள், அருவி வந்தால் கரையேற்றி உருட்டிச் செல்லச் சக்கரங்கள், இரண்டு பாய்மரம். அதில் ஒரு பாய்மரம் இரவில் கூடாரக் கம்பமாகிவிடும். அந்த ஆற்றுக்குப் பூர்வகுடி மக்கள் வைத்திருந்த 'மஸ்கெட்டகுவிட்' என்ற பெயரையே படகுக்கும் வைத்தார்கள். புல்வெளி ஆறு என்று பொருள்.

ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. காலையில் தூறல். மதியத்துக்கு மேல் வெறித்ததும் கிளம்பினார்கள். தங்கள் தோட்டத்து உருளைக்கிழங்கும் முலாம்பழமும் படகில் இருந்தன. ஏழு மைல் போய், பில்லெரிகா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் கூடாரம் அடித்தார்கள். இரவு உணவு ரொட்டியும் சர்க்கரையும், ஆற்றுத் தண்ணீரில் காய்ச்சிய கோகோவும். காட்டெருமைத் தோலை விரித்துப் படுத்தார்கள். தூரத்து நாய்க் குரைப்போடு, லோவல் நகரில் ஏதோ தீப்பிடித்து அபாய மணி அடிக்கும் சத்தமும் கேட்டது.

இந்த இடத்தில்தான் வரலாற்று வாத்தியாருக்குக் காது நிமிர்கிறது. லோவல் சாதாரண ஊர் அல்ல. மெரிமாக் ஆற்று நீரின் விசையால் ஓடும் பஞ்சாலைகளுக்காகவே எழுந்த நகரம். அங்கே நெய்த பருத்தி, தென் மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. கூடாரத்தில் படுத்திருந்த இரண்டு ஆசிரியர்களைச் சுற்றி ஒரு தொழிற்புரட்சியே நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. மிடில்செக்ஸ் கால்வாய் வழியாக மெரிமாக் ஆற்றுக்கு ஆறு மைல். ஒருவர் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க, மற்றவர் படகில் இருந்தார். தேவாலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பாலத்தின் மேலிருந்து இவர்களைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதகு திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மதகுக்காரர் திறந்துவிட்டார்.

அந்தக் கால்வாய் 1803-ல் முடிந்தது, 27 மைல் நீளம். 1835-ல் பாஸ்டன் - லோவல் ரயில் வந்ததும் அதன் வியாபாரம் படுத்துவிட்டது. அந்த ரயில் பாதைக்கு வேண்டிய சாமான்கள் கால்வாய்ப் படகுகளில்தான் வந்தன! தன் போட்டியாளரைத் தானே சுமந்து வந்து கரை சேர்த்த கால்வாய் அது. 1850-களில் மூடியே விட்டார்கள்.

ஆற்றின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. கான்கார்ட் ஆறு இயற்கையிலேயே சோம்பல் ஆறு. கால்வாய்க்குத் தண்ணீர் வேண்டிப் பில்லெரிகாவில் அணையை உயர்த்தியபோது இன்னும் தேங்கியது. கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த மீன்களுக்கு வழி அடைபட்டது. மேலே விவசாயிகளின் புல்வெளிகள் மூழ்கி, மாட்டுக்கு வைக்கோல் அழுகியது. பிற்காலத்தில், 1859-ல், விவசாயிகள் வழக்காடியபோது ஆற்றை அளந்து கொடுக்கத் தோரோவையே அமர்த்தினார்கள். அணையைத் தாழ்த்த 1860-ல் சட்டம் வந்தது. 1862-ல் அதுவும் ரத்தானது. படத்தில் ஆறு அமைதியாகத்தான் தெரியும். அந்த அமைதிக்குக் கீழே யாருடைய வயல் இருக்கிறது என்று கேட்பதுதான் வரலாறு.

பயணத்துக்கு வருவோம். மெரிமாக்கில் எதிர்நீச்சலாக ஹுக்செட் வரை போய், படகை அங்கே விட்டுவிட்டு, வாஷிங்டன் மலை ஏறித் திரும்பினார்கள். செப்டம்பர் 13 இரவு வீடு சேர்ந்தார்கள். மொத்தம் இரண்டு வாரம்.

அந்தக் கோடையில் கான்கார்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த எலன் சீவல் என்ற பெண்ணை அண்ணன் தம்பி இருவருக்குமே பிடித்திருந்தது. அந்த நினைப்போடுதான் ஒரே படகில் துடுப்புப் போட்டார்கள், ஒரே போர்வையில் படுத்தார்கள். அடுத்த ஆண்டு அண்ணன் அவளிடம் கேட்டார். சம்மதித்தவள் பிறகு மறுத்துவிட்டாள். பின்னர் தம்பி கேட்டார். அவருக்கும் மறுப்புத்தான். அதற்காக இருவரும் பிரிந்துவிடவில்லை. இருவரும் சேர்ந்து நடத்திய பள்ளி, ஜானின் உடல்நலக் குறைவால் 1841-ல் மூடும்வரை நடந்தது.

1842 புத்தாண்டு நாள். சவரக் கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சின்ன வெட்டு. அதில் டெட்டனஸ் கண்டது. அன்றைக்கு அதற்கு ஊசி கிடையாது. ஜனவரி 11-ல், தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. சில நாளில் தம்பிக்கும் அதே தாடை இறுக்கம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. துக்கமே நோயாக வந்திருந்தது. மெல்லத் தேறினார். அந்த ஆண்டே படகை எழுத்தாளர் ஹாதார்னுக்கு ஏழு டாலருக்கு விற்றுவிட்டார்.

1845-ல் தோரோ வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தனியே இருந்தார் என்று படித்திருப்பீர்கள். அங்கே அவர் எழுத உட்கார்ந்த புத்தகம், அண்ணனோடு போன இந்தப் படகுப் பயணம். இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம். நம் பகவத் கீதையைப் பற்றிக்கூட அதில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அண்ணன் இறந்துபோன செய்தியை மட்டும் சொல்லவில்லை. பயணம் முழுக்க 'நாங்கள்' என்றே வருகிறது.

அந்தக் குடிசையில் இருந்த காலத்தில்தான், 1846-ல், அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று சிறைக்குப் போனார். படகுப் புத்தகமும், காந்தி படித்த அந்தக் கட்டுரையும் ஒரே ஆண்டில், 1849-ல் வெளிவந்தன. புத்தகம் ஆயிரம் பிரதி அச்சானது, அச்சுச் செலவு அவர் தலையில். 1853-ல் விற்காத 706 பிரதிகள் வீட்டுக்கே திரும்பி வந்தன. சுமந்துபோய் மாடியில் அடுக்கிவிட்டு, என் நூலகத்தில் தொள்ளாயிரம் புத்தகம், அதில் எழுநூறுக்கு மேல் நானே எழுதியது என்று நாட்குறிப்பில் கேலியாக எழுதிவைத்தார்.

வகுப்பில் நான் சொன்ன தோரோ சிறைக்குப் போன தோரோ மட்டும். அண்ணனை இழந்து, அவரோடு கழித்த இரண்டு வாரத்தை ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதித் திருத்திக்கொண்டிருந்த தம்பியை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. இன்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் ஓர் அண்ணன் இருந்தார். திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையோரமாகவே கல்லணை வரை சைக்கிளில் போகலாம் என்று சின்ன வயதில் பேசிக்கொண்டோம். பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும், பிள்ளைகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். எல்லாம் முடிந்தது. அண்ணனும் போய்விட்டார். சைக்கிள் இன்னும் திண்ணையில்தான் நிற்கிறது.

அதனால், தம்பி, நீ கேட்டதற்குப் பதில் இது: உன் பக்கத்து ஆற்றின் வரலாற்றில் ஓர் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். நீ உன் அண்ணனை அழைத்துப் போனது மிகவும் நல்ல காரியம். அந்த இரண்டு நாளில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன பேசினீர்கள், ராத்திரி என்ன சத்தம் கேட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வை. படங்கள் போனோடு போய்விடும்.

மற்றவர்களும் உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு போன பயணங்களைக் கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்