2,147,483,647: ஒயிலரின் எண், கணினியின் எல்லை

214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது இந்த எண்.

இது ஒரு முதன்மை எண். தமிழ்நாட்டில் பகா எண் என்பர். கணிதமேதை ஒயிலர் இதை 1772இல் நிறுவியபோது ஏறக்குறையப் பார்வை இழந்திருந்தார். 46,340 வரை வகுத்தி இல்லையென்றால் அதற்கு அப்பாலும் இல்லை. அதிலும், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் முதன்மை எண்களைச் சோதித்தாலே போதும் என்று அவர் கண்டார்.

இரும முறையில் இதை எழுதினால் 31 ஒன்றுகள். 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, எஞ்சிய இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே.

பல பழைய கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை இந்த இடத்தில்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, கிறீனிச் நேரம் அதிகாலை 3.14.07க்கு அது நிரம்பிவிடும். அப்போது யாழ்ப்பாணத்தில் காலை 8.44; ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 10.14. திருத்தப்படாத கருவிகள் அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நாம் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நொடி எல்லோருக்கும் ஒன்றுதான். மாற்றவேண்டிய பழைய கருவிகளை அதற்கு முன்பே மாற்றிவிடுவோம்.